நூறு, நாற்பத்தைந்து, பூஜ்யம், பூஜ்யம்

செசிஸ் நகரில் காளான் பருவம்.
சனிக்கிழமை காலை கூடையோடு காட்டுக்குள் போன இமந்த்ஸ்
ஞாயிறு இருட்டியும் வீடு திரும்பவில்லை.

அவர் மகள் ஸைகா அச்சகத்துக்கு வந்தபோது
ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தேன்.
கைபேசியில் ஒரு படம் காட்டினாள்.
வாசற்படியில் நின்று சிரிக்கிறார்,
விலைச்சீட்டுகூடக் கழற்றாத நீல ஜாக்கெட்டில்.
"இந்த நீலத்தைத்தான் எல்லாரும் தேடணும்" என்றாள்.
"மரங்களுக்கு நடுவில் முகம் தெரியாது."

பெயரைப் பெரிதாக்கினேன்.
தொலைபேசி எண்ணை இரண்டு முறை சரிபார்த்தேன்.
ஒன்றை மட்டும் பார்க்கவில்லை.
கோப்பு ஆர்ஜிபியிலேயே கிடந்தது,
கேஸ் அடுப்பின் சுடர்போல
திரையில் அந்த நீலம் எரிந்துகொண்டிருந்தது.

முதல் நாற்பது தாள் சூடாக வந்து விழுந்தன.
எகில்ஸ் ஒன்றைத் தூக்கி விளக்கில் பிடித்தான்.
"பிளம்ஸ் பழம்" என்றான்.
"அப்பாகிட்ட ஊதா ஜாக்கெட்டே இல்லை" என்றாள் ஸைகா.

பதினாறு வருடமாக
எல்லாருக்கும் சொல்லி அனுப்புகிறவன் நான்:
திரை வெளிச்சத்தைக் கொடுக்கும்,
தாள் வெளிச்சத்தைத் தின்றுவிட்டு
மிச்சத்தை நம்மிடம் நீட்டும்.
தயிர் லேபிளில் பச்சை செத்துவிட்டது என்று
ஒருத்தர் பாதிப் பணம் பிடித்துக்கொண்டபோது
அவர் போனபிறகு சிரித்திருக்கிறேன்.
அது தயிர்.

சிஎம்ஒய்கேவுக்கு மாற்றினேன்.
கண்ணெதிரே நீலம் மளுக்கென்று இறங்கியது.
"ஏன் அணைச்சிட்டீங்க?"
அணைக்கவில்லை அம்மா,
கடையில் இருக்கிற சரக்குக்கு மட்டும்
விலை சொல்கிறேன் என்று
சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டேன்.

அவள் பைக்குள் கைவிட்டு எடுத்தாள்
ஜாக்கெட்டோடு வந்த தலைமூடியை.
ஜிப்பைத் திறந்தால் தனியே கழன்றுவரும்;
காது கேட்காது என்று அவர் போடவே மாட்டாராம்.
துணி ஒளியும் இல்லை, மையும் இல்லை.
மூன்றாவது சாட்சி.
அது வந்து உட்கார்ந்ததும்தான் தெரிந்தது
கைபேசியும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லியிருக்கிறது.

மெஜந்தா எழுபதில் நின்றது. இறக்கினேன்.
அறுபது, இன்னும் பிளம்ஸ்.
ஐம்பது, மடித்துவைத்த பள்ளிச் சீருடை.
நாற்பத்தைந்து.
சயான் முழுசாக நூறு.
மஞ்சள் வேண்டாம்.
கறுப்பைத் தொடவே இல்லை,
கறுப்பு வந்தால் காடு வந்துவிடும்.

தாளின்மேல் துணியை வைத்தோம்.
அக்கா தங்கை என்று சொல்லலாம்,
இரட்டை என்று சொல்ல முடியாது.
எகில்ஸ் என்னைப் பார்த்தான். நான் அவளைப் பார்த்தேன்.
அவள் சுவர்வரைக்கும் பின்னால் நடந்துபோய்
அங்கிருந்து வெகுநேரம் பார்த்தாள்.
"தூரத்தில் இப்படித்தான் இருப்பார்" என்றாள்.

முந்நூறு போட்டோம்.
பேருந்து நிலையம், பெட்ரோல் பங்க், மரமறுக்கும் ஆலை,
காளான் எடை போடுகிற லாரி.
பிளம்ஸ் நாற்பதின் பின்பக்கத்தில்
இன்றுவரை பில் எழுதுகிறோம்.

திங்கட்கிழமை பதினோரு மணிக்குக் கிடைத்துவிட்டார்.
போஸ்டரைப் பார்த்தே இராத ஒருத்தரின் நாய்
பள்ளத்தைப் பார்த்துக் குரைத்திருக்கிறது.
கால் சுளுக்கு, நல்ல பசி, கூடை நிறையக் காளான்.
காட்டில் வழி மறைக்கிற பேய் பிடித்தால்
உடுப்பைத் திருப்பிப் போடவேண்டும் என்பது
எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரிந்ததுதான்.
திருப்பிப் போட்டிருந்தார்.
உள்துணி ஆரஞ்சு,
படகு ஜாக்கெட்டில் வருமே, அந்த ஆரஞ்சு.
அதுவும் என் நான்கு மைக்குள் வராது.

வியாழன் அன்று நொண்டிக்கொண்டே வந்தார்,
செய்தித்தாளில் சுற்றிய காளானோடு.
கதவில் ஒட்டியிருந்த தன்னையே
மூக்குக்கண்ணாடி மாற்றிப் பார்த்தார்.
நீலத்தின்மேல் கட்டைவிரலை வைத்துத் தேய்த்தார்.

"என்னுடையது" என்றார், கொஞ்சம் குறையாக,
"இதைவிடப் பளிச்சென்று இருக்கும்."