நொடிக்கு மூன்று மீட்டர்

புயலுக்கு நாங்கள் பயப்படுவதில்லை.
புயல் கம்பியைக் குழப்பும், உலுக்கும், போய்விடும்.
முகத்தில் பட்டால் சுகமாயிருக்கும்
இந்தச் சோம்பல் காற்று இருக்கிறதே,
நொடிக்கு மூன்று மீட்டர்,
அதற்காகத்தான் எங்களை இங்கே அனுப்பினார்கள்.

ஊரின் பெயர் ஹே.
யாரையோ கூப்பிட்டுவிட்டு
எதற்கென்று மறந்துபோனது போல.
ஏறிப் பார்க்க ஒரு மேடு கிடையாது.
உப்புப்புதர், செம்மண், கோபுரம்,
அப்புறம் இன்னொரு கோபுரம்.

கம்பி குறுக்கே நிற்பதால் காற்று
மேலே ஒரு சுழி, கீழே ஒரு சுழி என
மாற்றி மாற்றிக் கழற்றிவிட்டுப் போகிறது,
நொடிக்கு இருபது முறை.
கம்பியும் அந்த இருபதுக்குச் சம்மதித்தால்
தீர்ந்தது.
மூன்று மீட்டருக்கு ஒரு கணு வைத்து
நானூறு மீட்டர்க் கரும்பு துடிக்கும்.
விரல் தடிமன்கூட இராத துடிப்பு.
கீழே நிற்பவருக்கு வெறும் முனகல்.

மின்சாரத்தை நிறுத்திக் கயிற்றை மேலே வீசி
டிரெவர் ஒரே ஒரு வெட்டு வெட்டி இழுத்தான்.
அந்தப் பள்ளம் அடுத்த கோபுரம்வரை ஓடி
முட்டி, மேடாகத் திரும்பி வந்து
அவன் கைக்கயிற்றைச் சுண்டியது.
"ஒண்ணு."
மூன்று முறை போய்வரப் பத்தொன்பது நொடி.
அப்படியானால் தொய்வு பன்னிரண்டரை மீட்டர் என்றேன்.
சிரித்தான். ஏணி இல்லாமல், நாடா இல்லாமல்
ஒரு உதறலுக்குப் பதில் வரும் நேரத்தை வைத்தா?

"அப்போ நடுவிலேதானே அறும்?
அங்கேதானே ஆட்டம்."

ஆடுகிற இடம் ஆடிக்கொள்கிறது, டிரெவர்.

மேலே ஏறி, கம்பியைத் தூக்கிக் கட்டிவிட்டு
அதை அசையவிடாமல் பிடித்திருந்த
இரும்புக் கவ்வியைக் கழற்றிக் காட்டினேன்.
வெளியே புதுசு.
உள்ளே கரிபோல அலுமினியப் பொடி.
அறுந்த இழை ஒன்று, இரண்டு.
மூன்றாவது என் கையிலேயே முறிந்தது.

வெகுநேரம் அந்தப் பொடியைக்
கட்டைவிரலில் தேய்த்துக்கொண்டிருந்தான்.

இரவு மோட்டலுக்குப் போன் வந்தது.
"நல்லாத்தானே இருக்கே?"
"ம். நல்லா இருக்கேன்."
குரல் இம்மியும் அசையவில்லை.
வைத்த பிறகு
கீழ்த்தாடையைக் கொஞ்சம் தளர்த்திப் பார்த்தேன்.
நெடுஞ்சாலையில் மாட்டு லாரி ஒன்று போக
கண்ணாடி டம்ளருக்குள் கரண்டி
எனக்கு முந்திக்கொண்டு நடுங்கியது.

காலையில் ஆட்டம் தின்னிகளை மாட்டினோம்:
சின்னத் துண்டுக்கம்பி, இரு முனையிலும் குண்டு.
டிரெவருக்கு அது நாய் எலும்பு.
பெரிய கம்பியின் துடிப்பை வாங்கி
இது நடுங்கும். உள்ளிழைகள் உரசி உரசி
எல்லாவற்றையும் கொஞ்சம் சூடாக்கிக்
காற்றிலேயே விட்டுவிடும்.

இன்றும் அதே மூன்று மீட்டர்.
"இன்னொண்ணு குடு," என்று
மேலிருந்து கை நீட்டினான். கொடுத்தேன்.

வேலை முடிந்தபோது
பெட்டியில் ஒன்று மிஞ்சியிருந்தது.
அதை நான் கணக்கில் எழுதவில்லை.