கேட் மூடியிருக்கும் நேரம்

கொருக்குப்பேட்டை கேட்டில் சரக்கு வண்டி வந்தால்
பெட்டிகளை எண்ணுவதை
மூன்றாம் வகுப்போடு விட்டுவிட்டேன்.
இப்போது எண்ணுவது நிமிடங்களை.
கட்டை இறங்கியதும் பக்கத்தில் நிற்பவரிடம்
பேச்சுக் கொடுத்துப் படம்பிடிப்பேன்.
கட்டை ஏறினால் நிறுத்திவிடுவேன்,
பாதி வாக்கியமானாலும்.
அதுதான் என் சேனல்.

இருநூற்றுப் பதினான்கு படங்கள்.
சிறியது நான்கு நிமிடம்.
நீளமானது ஐம்பத்திரண்டு:
அன்று எஞ்சின் குறுக்கே நின்றுபோனது.
ஆம்புலன்சில் வந்தவரின் மனைவி
பேட்டியெல்லாம் வேண்டாம், கையைப் பிடி என்றார்.
கேமராவைத் தரையில் வைத்தேன்.
அந்தப் படம் முழுக்கச் செருப்புகள்.

போன வருட விண்ணப்பத்தில்
'வடசென்னையின் வாழ்வியலை
உலகறியச் செய்யும் முயற்சி' என்று எழுதினேன்.
ஆங்கிலம் தெரிந்த ஃபெலிக்ஸ்
அதை இன்னும் ஊதிக் கொடுத்தான்.
இரண்டு வரியில் பதில் வந்தது.
முதல் வரியில் என் பெயரே தப்பு.

இந்த வருடம்
முதல் கேள்வி: என்ன செய்யப்போகிறீர்கள்?
கேட் மூடியிருக்கும்போது பேசப் போகிறேன்.
நான்கு சொல்.
கேட்டது ஐந்நூறு.
மிச்சத்துக்கு ஒரு செவ்வாய்க்கிழமையை எழுதினேன்:
பள்ளி வேன், தண்ணீர் லாரி,
பரீட்சைக்குப் போகிறவள்
பெட்ரோல் டேங்க் மேல் விரித்த நோட்டு.

மூன்றாம் கேள்வி: பயனாளிகள் எத்தனை பேர்?
கேட்கீப்பர் ரஞ்சன் மாஜியைப் போய்க் கேட்டேன்.
அரை இந்தியிலும் அரைத் தமிழிலும்
விரல் விட்டுச் சொன்னார்:
பைக் இவ்வளவு, ஆட்டோ இவ்வளவு,
குனிந்து தாண்டுகிறவர்கள் இவ்வளவு.
பிறகு அவசரமாக,
'குனிஞ்சவங்களை எழுதாதே, எனக்கு மெமோ வரும்.'

ஆறாவது, பட்ஜெட்.
காலர் மைக் இரண்டு.
ஹாரன் சத்தத்தை மட்டுப்படுத்த
மைக்குக்குப் போடும் ரோமத் தொப்பி.
மெமரி கார்டு.
வசனத்தைக் கீழே எழுத ஆள்.
விண்ணப்பதாரர் ஊதியம்: பூஜ்யம்.
ஆர்வத்தால் செய்கிறேன் என்று பக்கத்தில் ஒரு குறிப்பு வேறு.

மாதிரிக்கு அனுப்ப
நூற்று அறுபத்தொன்றாம் படத்தை எடுத்து வெட்டிக்கொண்டிருந்தேன்.
காசிமேட்டிலிருந்து சங்கரா மீனோடு கோட்டீஸ்வரி.
அதில் கணக்குச் சொல்கிறார்:
'கூடை ஆயிரத்து நூறு. ஐஸு அறுபது.
ஆட்டோ நூத்தியிருபது.
அப்பால நானு, இருநூத்தம்பது.'
நீங்களா? என்கிறது என் குரல்.
'பின்ன? நான் இன்னா ஓசியா?
கூட தானா நடந்து வந்துச்சா...'
கட்டை ஏறுகிறது. படம் முடிந்தது.

எட்டு மாதமாக வலையேற்றி வைத்திருந்தும்
நான் அதைக் கேட்டிருக்கவில்லை.

பூஜ்யத்தை அழித்தேன்.
மாதம் பதினெட்டாயிரம்.
காதெல்லாம் சூடு.
பன்னிரண்டாக்கினேன்.
தண்ணீர் குடித்துவிட்டு வந்து
மறுபடி பதினெட்டு.

ஒன்பதாம் கேள்வி: திட்டத்துக்கு ஆபத்து?
மேம்பாலம் வந்தால் சேனல் முடிந்தது.
பாலம் கேட்டு மனுக் கொடுத்தவர்களில் நானும் உண்டு,
முப்பத்தேழாவது கையெழுத்து.
இதை எழுதலாமா கூடாதா என்று
ஒரு ராத்திரி யோசித்தேன்.
எழுதினேன்.

கடைசி நாள், பதினொன்று ஐம்பத்தைந்து.
வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.
ஃபெலிக்ஸ் தன் போன் டேட்டாவைத் தந்தான்,
அவ்வளவு மட்டும் கேட்டேன் அவனிடம்.

பத்தொன்பது நாள் கழித்து அழைப்பு.
வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள்
கேட் மாட்டிக்கொண்டது.
ஸ்கூட்டர் கண்ணாடியில் போனைச் சாய்த்து வைத்தேன்.
திரையில் ஐந்து பேர்,
அவர்கள் பின்னால் புத்தக அலமாரிகள்,
என் பின்னால் டேங்கர் லாரி.

'நிரோஷா ஏசுபாதம், அது என்ன சத்தம்?'
கேட் மணிங்க.
'எவ்வளவு நேரம் மூடியிருக்கும்?'
தெரியாதுங்க. அதுவரைக்கும் கேளுங்க.

கேட்டார்கள். சொன்னேன்.
ஊதியத்துக்கு வந்தார்கள்,
இது கொஞ்சம் அதிகம் இல்லையா என்று.
கட்டை ஏறியது.
பின்னால் அத்தனை ஹாரனும் ஒன்றாக.
'ஏ தங்கச்சி, வண்டிய எடு!'

எடுக்கவில்லை.
ஓரமாகத் தள்ளிக்கொண்டே
கூடைக்காரி கணக்கைச் சொல்ல ஆரம்பித்தேன்,
ஐஸிலிருந்து.