உறை

ட்ரியஸ்ட்டே ஏலக்கூடத்தின் நிலவறையில்
பருத்திக் கையுறை மாட்டிக்கொண்டு
ஒன்பது நாளாக இதனோடு இருக்கிறேன்.
பொருள் எண் இருநூற்றுப் பதினான்கு.
உதுமானிய வாள். வளைந்தது.
நுனியருகே சற்று அகன்று, பிறகு மனம் மாறிக் குறுகுவது.
எஃகுக்குள் ஒரு நீரோட்டம்,
விளக்கைச் சாய்த்தால் மட்டும் நகரும்.
பிடிக்கு இரண்டு விரல் தள்ளிக்
கொல்லன் பெயர் பொன்னில் இருந்திருக்கிறது.
நான்கு தலைமுறை வேலையாட்கள்
பளபளக்கத் தேய்த்ததில் பொன் போய்
ஓர் எழுத்தின் வால் மட்டும் மிச்சம்.

துல்லியோ, என் மேலாளர்,
வாள்வாயைத் தொடாமல் சுட்டுகிறார்:
நுனிக்கு நாலு விரல் கீழே
ஒரு பல் போயிருக்கிறது.
"போர்த் தழும்பு என்று எழுதுங்கள், நெரீனா.
எட்டாயிரம் யூரோ கூடும்."

விழுப்புண்ணுக்கு விலை உண்டு.
மார்பிலா முதுகிலா என்று
வாளிடம் யாரும் கேட்பதில்லை.

யார் யாரிடம் இருந்தது என்று பார்க்க வேண்டும்.
அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

முதலில் ஒரு சுல்தான்.
கருவூலப் பேரேட்டில் சிவப்பு மை:
வாள் ஒன்று, பச்சைச் சுறாத்தோல் உறையோடு.
அவர் தொட்டதற்குச் சான்றில்லை.
கணக்கர் ஒருவர் தொட்டார்,
வருடத்துக்கு ஒருமுறை, எண்ணுவதற்கு.

பிறகு, ரயிலேறி விருந்துக்கு வந்த அரசர் ராதோவித்.
இன்று எந்த வரைபடத்திலும் இல்லாத
மலைநாடு ஒன்றை ஆண்டவர்.
வாளும் ஒரு வெள்ளைக் குதிரையும் பரிசு.
குதிரை முதல் குளிர்காலத்தைத் தாண்டவில்லை.

மகன் அதை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓவியத்துக்கு நின்றார்.
நுனி தரையில் இழுபட்டது.
ஓவியர் வாளைக் குறைக்கவில்லை,
அரசரின் காலை நீட்டினார்.

பேரன் முடிசூடிய ஏழாம் வருடம்
இரவோடிரவாகக் கிளம்ப வேண்டியதாயிற்று.
கம்பளத்துக்குள் சுருட்டிய வாள்.
எல்லைக் காவலனிடம் "குடைக்கம்பு" என்றார்களாம்.
எஸ்தொரில் கடற்கரையில் வாடகை வீடு,
பால்காரருக்கு மூன்று மாதக் கடன்,
ஆனாலும் மாட்சிமை தாங்கியவர்.

எந்தப் பேரேட்டிலும் ஒரு போர்கூட இல்லை.
அப்படியானால் அந்தப் பல்?

பெட்டியின் வெல்வெட்டுக்கு அடியில்
யாரோ செருகியிருந்தார்கள், ஏனென்று தெரியவில்லை:
எஸ்தொரில் வீட்டுச் செலவுப் புத்தகம்.
சமையல்காரி எர்மெலிண்டாவின்
எழுத்துப்பிழை மலிந்த பென்சில்.

ஆகஸ்ட்.
"பனிக்கட்டிப் பாளம், ஒன்று. ராணிக்குக் காய்ச்சல்.
சுத்தியலைக் காணோம். ராஜா சுவரிலிருந்து எடுத்துவந்தார்."
மறுநாள்: "பாளம், இரண்டு."
அதற்கு மறுநாள்: "பாளம், இரண்டு.
சாணைக்காரன் வந்தான். பார்த்தான்.
இதில் கை வைக்க மாட்டேன் என்று போய்விட்டான்."

நினைத்துப் பார்க்கிறேன்.
பின்னிரவு. சமையலறைக் கல்தொட்டி.
சட்டைக் கையை மடித்துவிட்ட, நாடில்லாத அரசர்.
பாளத்தைச் சாக்கால் அழுத்திப் பிடித்தபடி எர்மெலிண்டா:
"இன்னும் பலமா. என் விரலைப் பார்த்து."
இத்தனை காலம் உறைக்குள் உறங்கிய எஃகு
உறைந்த தண்ணீரின் மேல் இறங்குகிறது.
தெறிக்கிறது ஒரு சில்லு பனி, ஒரு சில்லு இரும்பு.
எது எதுவென்று இருட்டில் தெரியாமல்
எல்லாவற்றையும் அள்ளித்
தலையணை உறையில் கட்டி
மாடிக்கு ஓடியிருப்பார்கள்.

சிரித்துக்கொண்டேதான் பக்கத்தைத் திருப்பினேன்.

"கறுப்புத் துணி, பதினோரு மீட்டர்."
பென்சில் இந்த இடத்தில் தாளைக் கிழித்திருக்கிறது.
அதன் கீழே, இரண்டு வாரம் கழித்து:
"வாளைத் தக்கை வியாபாரி வாங்கிக்கொண்டார்.
சவப்பெட்டிக்காரருக்குக் கொடுத்தாயிற்று.
பால்காரருக்கும்."

பட்டியலுக்கு எழுதிக் கொடுத்தேன்:
வாயில் ஒரு பல் இழப்பு. போரில் ஏற்பட்டது.
இந்த வாள் கண்ட ஒரே போர் அது. தோற்றது.

துல்லியோ எழுந்து நின்று படித்தார்.
பிரமாதம் என்றார்.
கடைசிச் சொல்லை மட்டும் அடித்துவிட்டார்.