களம் புரட்டும் நேரம்

மின்னாம்பள்ளி மில்லில் ஏழரைக்கே வெயில் ஏறிவிடும்.
ஆத்தூர்ப் பக்கமிருந்து வந்து
முதலில் புகைபோக்கி, பிறகு தண்ணீர்த் தொட்டி,
பிறகு சிமெண்டுக் களம்.
சேர்வராயன் மலை மட்டும்
இன்னும் மஞ்சு போர்த்திக் கிடக்கும்.

ஜவ்வரிசி வெளுக்க இரண்டு வழி.
ஒன்று இது: களத்தில் பரப்பிவிட்டுக் காத்திருப்பது.
மற்றது நீல டிரம்மில் இருக்கிறது.
எங்கள் மில்லில் அதற்குப் பெயர் மருந்து.
நோயே இல்லாத மாவுக்கு
ராத்திரி இரண்டு மணிக்கு
பால்தொட்டியில் ஊற்றுகிற மருந்து.

ஊற்றுவது நான் இல்லை.
நான் சாம்பிள் அறை.
ஒரு கண்ணாடித் தட்டு, ஒரு லென்ஸ், ஒரு படிவம்.
"எப்சிபா மேடம், ஒரு கையெழுத்து."
பதினோரு வருடம்.
'கலப்பு' என்ற கட்டத்துக்கு எதிரே
'இல்லை' என்று எழுதி எழுதி
அந்த ஒரு சொல்லில் மட்டும்
என் கையெழுத்து அழகாகிவிட்டது.

ஞாயிறு ஆராதனையில் பாடம் வாசிக்க
அந்த மாதம் என் முறை.
போதகர் பகுதியை வாட்ஸப்பில் அனுப்பியிருந்தார்.
கடவுள் வெளிச்சமாம்.
துளி இருட்டும் அவரிடம் கிடையாதாம்.
சனிக்கிழமை சாயங்காலம், உச்சரிப்புக்காக,
சமையலறையில் நின்று சத்தமாய்ப் படித்துப் பார்த்தேன்.
முதல் வரி சரளமாய் வந்தது.
அவரோடு பழக்கம் என்று சொல்லிக்கொண்டு
இருட்டில் நடக்கிற ஆளைப் பற்றி வருகிற இடத்தில்
குக்கர் விசில் அடித்தது.
நல்ல வேளை என்றிருந்தது.

அதுவரை வெளிச்சம் என்றால் எனக்கு
காகித நட்சத்திரத்துக்குள் நாற்பது வாட் பல்பு,
மெழுகுவர்த்திப் பவனியில் விரலில் சொட்டும் சூடு,
ஏற்காட்டு ரிட்ரீட்டில் ஏரிமேல் விடிகாலை.
அழகான சங்கதி.
யாரையும் எதுவும் கேட்காது.

திங்கள் காலை பாவாயி
களத்தில் பலகை தள்ளிக்கொண்டிருந்தாள்.
விரல்களில் துணி.
"தொட்டி கழுவுனா எரியுது மேடம். தோலு உரியுது."
அவிழ்த்துக் காட்டினாள்.
எட்டரை மணி வெயில் அந்தக் கையில் விழுந்தது.
ஒதுங்க ஒரு நிழல் இல்லாத களம்.
புதிதாய் எதுவும் தெரியவில்லை எனக்கு.
தெரிந்ததுதான் தெரிந்தது.

நல்லதம்பி முதலாளி கெட்டவர் இல்லை.
என் மகன் ஆபரேஷனுக்கு முன்பணம் தந்தவர்.
"வெள்ளையா இல்லைன்னா ஏலத்துல எவன் எடுப்பான்,
நீயே சொல்லு" என்றார்.
அவர் சொன்னதில் பொய் இல்லை.
பொய் என் படிவத்தில் இருந்தது.

அன்று 'உண்டு' என்று எழுதினேன்.
எழுத்து கோணலாய் வந்தது,
முதல் வகுப்புப் பிள்ளையின் சிலேட்டுபோல.

அதன்பிறகு இடி ஏதும் விழவில்லை.
என்னை எடைமேடைக்கு மாற்றினார்கள்.
சம்பளத்தில் இரண்டாயிரம் குறைந்தது.
நீல டிரம் இன்னும் இருக்கிறதா என்று
ராத்திரி இரண்டு மணிக்குப் போய்ப் பார்க்கும் தைரியம்
இன்றுவரை எனக்கில்லை.
சபையில் எப்படியோ கேள்விப்பட்டு
சாட்சி சொல்லச் சொன்னார்கள்.
பதினோரு வருடத்தையும் சேர்த்துச் சொல்லட்டுமா என்றேன்.
அடுத்த வாரம் பார்க்கலாம், சிஸ்டர், என்றார்கள்.

எடைமேடை ஜன்னலிலிருந்து களம் தெரிகிறது.
மணிக்கொரு தரம் புரட்டுகிறாள் பாவாயி.
மேலே எவ்வளவு வெளுத்தாலும்
அடியில் ஈரம்.
விட்டால் புளித்துவிடும்.
அதனால் பலகை வருகிறது.
அடியில் கிடந்தது மேலே வருகிறது,
மேலே மினுங்கியது அடியில் போகிறது.
வெயில் எதையும் கடிந்துகொள்வதில்லை.
ஈரத்தை எடுத்துக்கொள்கிறது.

கையுறை வாங்கிக் கொடுத்தேன் அவளுக்கு,
ரப்பரில், முழங்கை வரை.
மன்னிப்புக் கேட்கத்தான்
இன்னும் வாய் வரவில்லை.

ஆண்டவரே,
மணி பத்தாகப் போகிறது.
என் அடியில் இன்னும் ஈரம்.
பலகையைக் கொண்டுவாரும்.