தொட்டால் கணக்கில்லை

புதுவயலில் அரிசி ஆலைக் கணக்கு நான்.
மூட்டை, தவிடு, உமி, லாரி வாடகை.
எனக்கு நீச்சல் தெரியாது.
நிரம்பிய வாளியைக்கூடச் சந்தேகமாகத்தான்
பார்ப்பேன் என்பாள் அழகுநாச்சி.

கடல் இங்கிருந்து ஒன்றரை மணி நேர பஸ்.
பதினாலு வயதில்
குடிநீர் ஊருணியில் இறங்கியதற்கு
பஞ்சாயத்து போட்ட அபராதம் இருபத்தைந்து ரூபாய்.
அந்த ரசீதைத்தான் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறோம்.
பதக்கங்கள் பீரோவுக்குள்,
ரேஷன் கார்டுக்குப் பக்கத்தில்.

பிறகு கண்மாய்.
மடையிலிருந்து கலுங்கு வரை கயிறு பிடித்து அளந்தேன்:
நானூற்றுப் பன்னிரண்டு மீட்டர்.
ஒரு நாளைக்கு நாற்பது நடை.
சித்திரையில் தண்ணீர் வற்றிவிடும்.
அப்போதும் போவாள்.
வெடித்த மண்மேல் அதே தூரம், அதே நாற்பது,
கைகளைச் சுழற்றிக்கொண்டே நடப்பாள்.
ஆடு மேய்ப்பவர்கள் முதலில் சிரித்தார்கள்.
அப்புறம் எண்ணத் தொடங்கினார்கள்:
"அக்கா, முப்பத்தேழுதான் ஆச்சு."

விளையாட்டு ஒதுக்கீட்டில் தபாலாபீஸ் வேலை.
முத்திரை குத்துவதும் அதே வலது தோள்.
வங்காளத்து ஆற்றில் ஒரு பகல் முழுக்க நீந்தி
ஆறாவதாக வந்தாள்.
ஏழாவதாக வந்தவள் அழுதாள்.
இவள் பொரி வாங்கித் தின்றாள்.

தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு
நாள் குறித்தது மாசி, வளர்பிறை அஷ்டமி.
ஆகாத நாள் என்றார் என் அப்பா.
நீரோட்டம் குறைவான நாள் என்றார் படகுக்காரர்.
இரவு ஒன்று பத்துக்கு இறங்கினாள்.
குறிப்பேடு என் மடியில்.
நிமிடத்துக்கு அறுபத்திரண்டு வீச்சு.
அரை மணிக்கொரு தரம்
எங்கள் ஆலை நொய்யில் உப்புக்கஞ்சி,
கயிறு கட்டிய பாட்டிலில்.
அவள் படகைத் தொடக்கூடாது.
படகில் இருப்பவர் அவளைத் தொடக்கூடாது.
தொட்டால் கணக்கில்லை.
பதினோரு வருடம் ஒரே பாயில் படுத்தவர்கள்,
நடுவில் ஒரு கஜம் தண்ணீர்.

எட்டாவது மணியில் சொறிமீன்.
கழுத்தில், அக்குளில், உதட்டில்.
ஐம்பத்தெட்டு. ஐம்பத்து மூன்று.
நாற்பத்தேழு.
கஞ்சியை வாங்கி, குடிக்காமல் மிதக்கவிட்டாள்.
என் பெயரை இரண்டு தடவை சொன்னாள்,
கூப்பிடுகிற மாதிரி இல்லை,
முகவரி படிக்கிற மாதிரி.
மேற்கே மணல் ஒரு கோடாகத் தெரிந்தது.
நான் குனிந்து
கையை நீட்டிவிட்டேன்.

குறிப்பேட்டில், காரணம் என்ற கட்டத்தில்,
'வானிலை' என்று எழுதினேன்.
கடல் அன்று கண்மாய் மாதிரிக் கிடந்தது.

அவள் ஒன்றும் கேட்கவில்லை.
திரும்பும் வழியில் தேவகோட்டையில் இறங்கி
சீயம் வாங்கினாள், எனக்கு மட்டும்;
அவளுக்கு உதடு வீங்கியிருந்தது.
அடுத்த மாசிக்குப் படகில்
என் தங்கை வீட்டுக்காரரை ஏற்றினாள்.
"நீங்க கரையில நில்லுங்க."

நின்றேன். அரிச்சல்முனை, உச்சிவெயில்.
பத்து மணி நாற்பத்தாறு நிமிடம் கழித்து
அலையோடு முழங்காலில் வந்தாள்.
விழுந்தாள். எழுந்தாள். விழுந்தாள்.
தண்ணீர் கணுக்காலை விடும்வரை
யாரும் தொடக்கூடாது.
என் வலது மணிக்கட்டை
முதுகுக்குப் பின்னால் என் இடது கை பிடித்திருந்தது,
வேறு யாரையோ பிடித்து நிறுத்தியிருப்பதுபோல்.
அந்த நாலு எட்டு வைக்க
எவ்வளவு நேரம் ஆனது என்று கேட்காதீர்கள்.
அன்றைக்கு எழுதும் வேலை எனக்கில்லை.

இப்போது தோள் போய்விட்டது.
மேல் தட்டிலிருக்கும் சர்க்கரை டப்பாவை
நான்தான் எடுத்துத் தர வேண்டும்.
போன வாரம், தீபாவளி போனஸ் கணக்கை முடித்த கையோடு
அந்தப் பழைய குறிப்பேட்டைத் திறந்தேன்.
'வானிலை'யை அடித்தேன்.
மேலே எழுதினேன்: 'என் கை.'
ஓரத்தில் சுருக்கொப்பமும் வைத்தேன்,
அடித்தல் திருத்தலுக்கு வைக்கிற வழக்கப்படி.

தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.
"அது அன்னைக்கே தெரியும்" என்றாள்.
"கலுங்கு பாயுதாம். சும்மா மிதக்கப் போறேன்,
வர்றீங்களா?"

பேனாவை மூடினேன்.
கயிறு எங்கே வைத்தோம் என்று
தேடிக்கொண்டிருந்தேன் கொஞ்ச நேரம்.