கண்ணாடி எடை கழிவு

கும்பகோணம் ஆஸ்பத்திரிப் பொருட்பதிவேட்டில்
'விவரம்' என்ற கட்டம் இரண்டு விரல் அகலம்.
அதற்குள் எழுதச் சொன்னார்கள்.

நுண்ணோக்கி, ஒன்று. பித்தளை.
அடிக்கால் குதிரை லாடம் போல.
தூக்கினால் பிறந்த பிள்ளையின் கனம்.
பெரிய திருகு: பல் தேய்ந்து நழுவுகிறது.
சின்னத் திருகு: இழையளவு நகரும், இன்றைக்கும்.
இழுத்தால் நீளும் குழல், அதன்மேல் கோடுகள்.
மேடையில் இரண்டு கவ்வி, ஒன்று சைக்கிள் கம்பி.
கீழே இருமுகக் கண்ணாடி, ஒருபுறம் தட்டை, மறுபுறம் குழிவு.
செய்தவன் பெயரில் முதல் இரண்டு எழுத்து
புளியோடு போய்விட்டது.

கட்டம் நிறைந்துவிட்டது.

அந்தக் குழிவில் அரிக்கேன் வெளிச்சத்தை ஏந்தி
சாக்கோட்டைப் பள்ளிக்கூடத்தில் இரவெல்லாம்
இரத்தம் பார்த்தோம்.
யானைக்கால் புழு பகலில் நெஞ்சின் ஆழத்தில் படுத்துக்கொள்ளும்,
ஊர் உறங்கினால்தான் விரல்நுனிக்கு வரும்.
ஆகவே உறங்குகிறவர்களை எழுப்பினோம்.
கொட்டாவியோடு கை நீட்டுவார்கள், சிலர் வைதுகொண்டே.
காய்ந்த சொட்டில், நீலச் சாயத்தில்,
மெய்யெழுத்தைத் தொலைத்த ஓர் உகரக் கொக்கி.

எது புழு, எது பஞ்சு நூல் என்று
எனக்கும் ஞானாதிக்கத்துக்கும் ஓயாத சண்டை.
ஒருநாள் தன் இமையில் ஒரு மயிரைப் பிடுங்கி
கண்வில்லைக் குழலுக்குள் பிசின் வைத்து ஒட்டினார்.
அதன்பிறகு சுட்டுவிரல் உள்ளேயே இருந்தது.

ஐப்பசி மழையில் ஆளே வராத ஒரு ராத்திரி
சும்மா இருப்பானேன் என்று தன் விரலையே குத்தினார்.
இமைமயிரின் நுனியில் நிறுத்தி, என்னைக் கூப்பிட்டு,
"இது யாருதுன்னு சொல்லு" என்றார்.
பன்னிரண்டு நாள் மாத்திரை.
அன்றைக்கு மட்டும் நாங்கள் சண்டை போடவில்லை.

இன்று ஏலம்.
பாத்திரக்கடை வைரக்கண்ணு தராசோடு வந்தார்.
"எடைக்கு எடைதாம்மா. கண்ணாடிக்குக் காசு கிடையாது."
வில்லைகளை ஒவ்வொன்றாகத் திருகிக் கழற்றி
புளியங்கொட்டை மாதிரி என் உள்ளங்கையில் போட்டார்.
மூன்று கிலோ நானூறு.

கண்வில்லையை மட்டும் கண்ணில் வைத்துப் பார்த்தேன்.
வெள்ளை வட்டம். கலங்கிய வெயில். கலங்கிய தராசு.
அதற்கு நடுவே கூர்மையாக, ஒன்றே ஒன்று.

"என்னம்மா தெரியுது?" என்றார் வைரக்கண்ணு.

"மயிர்" என்றேன்.

கோபமென்று நினைத்து
கிலோவுக்கு ஐந்து ரூபாய் கூட்டிக்கொடுத்தார்.