அரை முழம்

என்னிடம் மூன்று ஜாக்கிகள் இருக்கின்றன.
பதினோரு மாதத்தில் ஒன்பது பஞ்சர்.
ரொட்டி வேனின் பின்கதவைத் திறந்தால்
ரொட்டிக்கு முன் அவைதான் தெரியும்.

சிவப்பு, அக்காள் ஹில்டகார்ட்
வால்விஸ் பே துறைமுகக் கடையில் வாங்கி அனுப்பியது.
பெட்டியில் படம்: வெள்ளைக் கால்சட்டைக்காரி ஒருத்தி
ஒற்றை விரலால் பொத்தானை அழுத்திச் சிரிக்கிறாள்.
அவள் நிற்கும் தரை பளிங்கு.
இங்கே சரளை. சரளைக்கடியில் மணல்.
முதல் நாள் வண்டி எழும்பவில்லை,
ஜாக்கிதான் பூமிக்குள் இறங்கியது.
அன்றிலிருந்து அதற்கொரு பலகை:
பழைய பள்ளி மேசையின் மேற்பகுதி,
யாரோ ஒரு பையன் தன் பெயரைப்
பாதி செதுக்கி விட்டது.

நீலம் எண்ணெயில் இயங்குவது. பலசாலி.
மூன்று டன் என்று மார்பில் எழுதியிருக்கும்,
நம்பலாம். ஆனால் குண்டன்.
டயர் முழுக்கச் சப்பிப்போன வண்டிக்கடியில்
நுழையவே மாட்டான்,
தாழ்ந்த வாசலில் குனிய மறுக்கும் சம்பந்தி போல.
கசிவான் வேறு.
இரண்டு தட்டு ரொட்டி அவனால் போயிற்று.

கறுப்பு, மச்சான் ஆல்ஃபோன்ஸ் தந்தது.
கம்பி கிடையாது, மின்சாரம் தன் வயிற்றிலேயே.
எனக்கு அதன்மேல்தான் மோகம்.
சார்ஜ் போட மறந்தால் செங்கல்.

சிவப்புக்கு வண்டியின் லைட்டர் துளைதான் உயிர்.
கம்பியை முழம் போட்டுப் பார்த்தேன்: ஏழரை.
முன்சக்கரங்களுக்குத் தாராளம்.
பின் இடது சக்கரத்துக்கு
அரை முழம் பற்றாது.
பஞ்சர் எப்போதும் பின் இடதுதான்.

ஓகொஞ்சாட்டு போகும் வழியில், வெள்ளி, மாலை ஐந்தரை,
ஒரு பிக்கப் சாய்ந்து நின்றது.
மேலே சவப்பெட்டி. பெட்டிமேல் கம்பளி.
கம்பளியைப் பிடித்தபடி பக்கப்பலகையில் ஒரு பெண்.
தலையில் மாட்டுக்கொம்பாய் இருபுறமும் நீண்ட துணிக்கட்டு,
அது மட்டும் சாயவில்லை.

அவள் அக்காள் மகன் தீஸெம்புவா
கைஜாக்கியின் திருகை முறித்துவிட்டு
உள்ளங்கையைச் சப்பிக்கொண்டிருந்தான்.
"பாரத்தை இறக்கினால் சுலபம்" என்றேன், யோசிக்காமல்.
"இறக்குகிற இடம் இது இல்லை" என்றாள் வெயாமா.

முதலில் கறுப்பு.
பச்சை விளக்கு ஒருமுறை கண்சிமிட்டி அணைந்தது.
பிறகு நீலம். நுழையவில்லை.
சரி, அடியில் கொஞ்சம் குழி தோண்டலாம் என்றேன்.
தோண்டத் தோண்டப் பையனின் முகம் மாறியது,
மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டான்.

சிவப்பு.
என் வேனைக் கொண்டுவந்து
பிக்கப்போடு தோளுக்குத் தோள் நிறுத்தி
ஜன்னல் வழியே கம்பியை விட்டேன்.
அரை முழம் மிச்சம்.

நட்டை முதலில் தளர்த்து என்றேன்,
தூக்கினால் சக்கரம் சுற்றும்.
பலகை. பொத்தான்.
பக்கத்து வீட்டில் இரவில் யாரோ
தையல் மெஷின் ஓட்டுகிற சத்தம்.
ஐம்பத்தெட்டு வினாடி. எண்ணினேன்,
ஒப்பிட்டே பழகிய புத்தி.
முஹாருகுவா நான்கு விரற்கடை உயர்ந்தார்.

கனத்த மனிதர், டிரெய்லர் விற்றவர்,
இந்தப் பொம்மையா என்னைத் தூக்கும் என்றிருப்பார்,
ரசீதைக் காட்டு என்றிருப்பார் என்றாள்.
சிரித்தாளா தெரியவில்லை. கொம்பு அசைந்தது.

ஸ்டெப்னி மாட்டியாயிற்று.
இறக்கும் பொத்தானைத் தானே அழுத்துவதாகச் சொன்னாள்.
ஏறும்போது ஒரு சத்தம், இறங்கும்போது வேறு.
பாதியில் விரலை எடுத்தாள்.
நாங்கள் வேறு பக்கம் பார்த்தோம்.
பிறகு மறுபடி வைத்தாள்.

இரண்டு ரொட்டி கொடுத்தேன், எண்ணெய் படாதவை.
"மூன்றில் எதை வாங்கலாம்?"
கறுப்பு என்றுதான் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன்.
"சிவப்பு" என்றேன். "ஆனால் கம்பி பற்றாது."
"எவ்வளவு?"
"அரை முழம்."
பிக்கப் நகரத் தொடங்கியது.
"விலையைக் கேட்டேன்" என்றாள்.